ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு ஜோடி

திருவண்ணாமலை
9-8-2025, சனிக்கிழமை, காலை 6.10 மணி

அக்கா,

நேற்று ஆடி வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தன. காலை 5 முதல் மாலை 5 வரை எங்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் கோயில் பக்கம் நடத்திய இலவச செருப்பு ஸ்டாண்டில் வாங்கி வைத்தவை 1,316 ஜோடி. திருப்பிக் கொடுத்தவை 1,309. எண்ணிக்கை முதலில், நலம் பிறகு. நீ போலீஸ் ஆகப்போகிறவள், இப்படி எழுதினால்தான் உனக்குப் பிடிக்கும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம், கீழ்பென்னாத்தூரில் அப்பா அம்மாவும் சுகம். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கொடுக்கிற அரை மணி நேரப் போனை அம்மாவே பேசித் தீர்த்துவிடுவதால் இனிமேல் எனக்குத் தபால்தான்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்தவன் மறுபடி ஒரு வருட டிப்ளமோவுக்கு ஏன் போகிறான் என்று கேட்டாய் அல்லவா? ஜூலையில் என்னை மாணவர் பேரவைத் தலைவர் ஆக்கினார்கள். இந்தக் கல்லூரியில் 120 மணி நேரம் மக்கள் சேவை செய்தால்தான் டிப்ளமோ. அந்தச் சேவைப் பதிவேட்டில் எல்லாருக்கும் கையெழுத்துப் போடுவது நான். செருப்பு ஸ்டாண்டுக்கு நானே ஒரு ஆப் செய்தேன். செருப்பைப் படம் எடுத்தால் உரியவர் போனுக்கு ஒரு கோட் நம்பர் போகும். திரும்பி வந்து காட்டினால் எந்த வரிசை, எத்தனையாவது இடம் என்று தெரிந்துவிடும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டு, "தீபத்துக்கும் உங்களையே போட்டுடலாம்பா" என்றார்.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பதினொன்றரை வாக்கில் டவர் போய்விட்டது. கவுண்ட்டரில் இருந்தது கொஞ்சம் வயதான மாணவி. அவருக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. பிறகு சரியாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
புகழேந்தி


வேலூர், காவலர் பயிற்சிப் பள்ளி
17-8-2025

டேய் தலைவரே,

நான் நலம். முழங்கால் நலமில்லை. ரெண்டு பேரும் வேற வேற ஆள் மாதிரி இருக்கோம். காலையில் ஐந்து மணிக்கு மைதானத்தைச் சுற்றும்போது அது என்னோடு வர மறுக்கிறது.

உன் கடிதத்தை ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "உன் தம்பி ரேஷன் கடைல வேலை செய்றானா? எல்லாம் கணக்காவே பேசறான்" என்று சிரிக்கிறார்கள். ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆமாம், ஆப்பைப் பற்றிப் பத்து வரி, சிக்கலைப் பற்றி மூன்று வரி. நேற்றுதான் எங்களுக்கு வாக்குமூலம் எழுதும் வகுப்பு எடுத்தார்கள். அவசரமாகத் தாண்டிப் போகிற இடத்தில் நின்று கேள் என்றார்கள். அந்த ஏழு ஜோடி என்ன ஆச்சு? அந்த மாணவி யாரு?

சாப்பிடு. பரோட்டாவையே தின்னாதே.

ஆர்த்தி


திருவண்ணாமலை
24-8-2025

அக்கா,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

விசாரணை வகுப்பை என்மேல் நடத்தாதே. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்த மாணவி கைசர் ஜஹான். வயது முப்பத்தொன்பது. வீட்டுக்காரர் நூருல்லா தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போன பிறகு நோயாளி பராமரிப்பு டிப்ளமோவில் சேர்ந்தவர். டவர் போனதும் கூட்டம் நெரித்தது. தடுப்புக் கயிறு அவிழ்க்கப்பட்டது. ஆளாளுக்கு உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டார்கள். ஏழு பேர் செருப்பு மாறிப் போனது.

அதில் ஒருவர் கண்ணாயிரம் என்று அவலூர்பேட்டைப் பக்கத்துப் பெரியவர். வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கிறார். பாதம் கொப்புளித்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சர்க்கரை நோயாளி. அவர் மகன் கல்லூரிக்கு வந்து சத்தம் போட்டதால் முதல்வர் மூர்த்தி சார் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கைசர் பெயரைச் சேவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை அவர் செய்திருந்த 46 மணி நேரமும் ரத்து.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் கவுண்ட்டர் அவர் பொறுப்பு. பொறுப்பு என்றால் பொறுப்பு.

புகழேந்தி


வேலூர்
2-9-2025

புகழு,

சுகமா? இங்கே மழை. மைதானம் முழுக்கச் சேறு. ஷூவைக் கழுவியே ஆயுசு போகுது.

கயிறு தானா அவிழுமாடா?

46 மணி நேரம் ரத்து ஆனால் அந்தம்மாவுக்கு டிப்ளமோ கிடைக்குமா, கிடைக்காதா? அதை நீ எழுதவில்லை.

ஆர்த்தி


வேலூர்
28-9-2025

புகழு,

நாலு வாரம் ஆகிவிட்டது. கடிதம் காணாமல் போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, "அவன் வீட்டுக்கு வந்தா சரியாவே சாப்பிட மாட்டேங்கறான்டி, கேட்டா எரிஞ்சு விழறான்" என்றார்கள். அதன்பிறகு அப்படி நினைக்கவில்லை.

உடம்பு ஏதாவது சரியில்லையா? அதை மட்டுமாவது எழுது.

ஆர்த்தி


திருவண்ணாமலை
6-10-2025

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வேலை ஜாஸ்தி. தீபத்துக்கு 62 பேர் கொண்ட குழு. யாருக்கு எந்த இடம், எந்த ஷிப்ட் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெனரேட்டர் ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். சிறந்த மாணவர் தலைவர் விருதுக்கு மூர்த்தி சார் என் பெயரை அனுப்பியிருக்கிறார். அது கிடைத்தால் சோலார் கம்பெனி இன்டர்வியூவில் உதவும்.

பெரியவர் கண்ணாயிரத்துக்கு இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் வார்டில்தான் இருக்கிறார்.

புகழேந்தி


வேலூர்
14-10-2025

புகழு,

நலம் விசாரிக்க இந்தக் கார்டில் இடமில்லை.

கயிற்றை அவிழ்த்தது யார்? ஒரு பெயர் எழுதிப் போடு. வேறு எதுவும் வேண்டாம்.

ஆர்த்தி


திருவண்ணாமலை
2-11-2025

அக்கா,

நான்.

இதை எழுத எனக்குப் பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முந்தின நாளே கைசர் ஜஹான் சொன்னார்: "தம்பி, ஜனம் ஜாஸ்தியானா டவர் நிக்காது. பட்டன் போன்காரங்க வேற வருவாங்க. செருப்பு அடியில சாக்பீஸ்ல நம்பர் போட்டுட்டு, அதே நம்பர ஒரு துணித்துண்டுல எழுதிக் குடுத்துடலாம். எங்க கடையில தைக்க வர்ற துணிக்கு அப்படித்தான்."

"ஆன்ட்டி, இது டெய்லர் கடை இல்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பையிலிருந்து எடுத்த சாக்பீஸைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மணி 11.20. டவர் போனது. வரிசை ரோடு வரைக்கும் நின்றது. "என்னப்பா, செருப்ப வாங்கி வெச்சுக்கிட்டு போன் போன்னு தேய்க்கறீங்க, பஸ்ஸு போயிடும்பா" என்று ஒரு அம்மா கத்தினார். மத்தியானம் மறுபடி அந்த அதிகாரி வருவதாக இருந்தார். அவர் வரும்போது வரிசை இருக்கக்கூடாது. என் மூளையில் இருந்தது அவ்வளவுதான். "அவங்கவங்களே எடுத்துக்கட்டும்" என்று சொல்லிக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தேன். கைசர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அவுக்காத தம்பி. வரிசையாத்தான் வெச்சிருக்கேன். நான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் குடுத்துடறேன். அரை மணி நேரம் குடு."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நகருங்க" என்று கையை உதறிவிட்டு அவிழ்த்தேன்.

பத்து நிமிடத்தில் வரிசை காலி. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. உனக்கு எழுதிய 1,309 பொய், அக்கா. 11.20-க்குப் பிறகு திரும்பிப் போனதை யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் ஏழு ஜோடி கிடந்தது. கழித்து எழுதினேன்.

கண்ணாயிரம் அதற்குப் பிறகுதான் தரிசனம் முடித்து வந்தார். "கறுப்புச் செருப்புப்பா, பின்னாடி வார் இருக்கும். ஆஸ்பத்திரில அளவெடுத்துக் குடுத்தது. நமக்குச் சக்கரை காலு" என்றார். தேடினோம். இல்லை. யாரோ மாற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் கிடந்ததில் ஒன்றை நான் காலால் தள்ளி, "இதுல எதையாவது மாட்டிக்கிட்டுப் போங்க பெரியவரே" என்றேன். "அடுத்தவன் செருப்ப மாட்டுனா அவன் கஷ்டமும் நம்ம கூட வந்துடும்பா, வேணாம்" என்றார். கைசர் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "அசையாதீங்கய்யா, புதுசா ஒண்ணு வாங்கியாறேன்" என்று கடைக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் நான் பெரியவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். "பஸ் ஸ்டாண்டு கிட்டத்தான், மெதுவாப் போயிடலாம்." கவுண்ட்டர் முன்னால் அவர் அப்படி உட்கார்ந்திருப்பது எனக்குப் பார்க்க நன்றாக இல்லை.

பாதத்தில் உணர்ச்சி இல்லாத மனிதர். மத்தியான வெயிலில் தார் ரோடு. சுடுவதே அவருக்குத் தெரியவில்லை.

அறிக்கையில் "கவுண்ட்டர் பொறுப்பு: கைசர் ஜஹான்" என்று எழுதினேன். உண்மை. அடுத்த வரியில் "தடுப்புக் கயிறு அவிழ்க்கப்பட்டதால் குழப்பம்" என்று எழுதினேன். அதுவும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நான் செய்தது. மூர்த்தி சார் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அறையில் இருந்தேன். "நான் அவுக்கல சார்" என்றார். "அப்ப யாரும்மா?" என்றார் சார். அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் கைசர் வெளியே வந்துகொண்டிருந்தார். பட்டியலில் பெயர் இல்லாதவர், ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் சேராது, ஆனாலும் தினமும் வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்து, காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துவிட்டுப் போகிறார். என்னைப் பார்த்தார். அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். பெரியவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. காலேஜ் பையன் என்றதும் சந்தோஷமாகி, பக்கத்துக் கட்டில்காரரிடம், "இந்தக் காலேஜ் புள்ளைங்க எவ்ளோ நல்லதுங்க பாரு" என்றார். எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "என்னைப் போ போன்னு அனுப்பினானே ஒரு பையன், அவன் யாருப்பா? உங்க கூடப் படிக்கறவனா?" என்று கேட்டார்.

"தெரியலங்கய்யா" என்றேன்.

ஆரஞ்சையும் சாப்பிட்டேன்.

நீ நலமாக இரு.

புகழேந்தி


வேலூர்
9-11-2025

புகழு,

நான் சுகம். உன்னைச் சுகமா என்று கேட்டால் அது சும்மா கேட்பதாக இருக்கும்.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னை அறையவேண்டும்போல இருந்தது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். இந்தத் தடவை ரூமில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. "என்னடி, தம்பி கணக்கு அனுப்பலையா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக நானும் ஒரு பொய் சொன்னேன், பார்த்துக்கொள்.

நீ எப்படிக் குறுகிப்போனாய் என்று நாலு பக்கம் இருக்கிறது. அந்தம்மாவுக்கு இப்போது என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அவருக்குக் கடைசி நாள் எது? கேட்டாயா?

ஆர்த்தி


திருவண்ணாமலை
22-11-2025

அக்கா,

சளி, இருமல். வேறு ஒன்றுமில்லை.

மூர்த்தி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "ரிப்போர்ட் ஆபீஸுக்குப் போயாச்சுப்பா. பத்து நாள்ல தீபம். இப்பப் போயி எங்க தலைவரே தப்பா எழுதிட்டார்னு சொன்னா நம்மள உள்ள விடுவாங்களா? அந்தம்மா அடுத்த வருஷம் முடிச்சுக்கட்டும். நீ மனசுல வெச்சுக்காத, போ" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அந்த நிம்மதியோடுதான் நடந்தேன். இதையும் எழுதாவிட்டால் மறுபடி பாதி அறிக்கை ஆகிவிடும்.

அங்கிருந்து தையல் கடைக்குப் போனேன். நூருல்லா பாய் மெஷினை நிறுத்தவில்லை. கைசர் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். "ஸாரி" என்றேன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தம்பி, உன் ஸாரிய வெச்சு நான் என்னா பண்ண?" என்றார். நிமிரவில்லை. "எனக்கு என் மணி நேரம் வேணும். நாப்பத்தாறு. நான் நின்ன நேரம் அது. ஜனவரி முப்பத்தொண்ணுக்குள்ள நூத்தியிருபது காட்டினாத்தான் டிப்ளமோ. வீட்டு நோயாளிங்களைப் பாத்துக்கற டிரஸ்டுல பிப்ரவரில ஆள் எடுக்கறாங்க. அடுத்த வருஷம் எடுக்கறாங்களோ என்னமோ, எனக்கு நாப்பது ஆயிடும்."

"அன்னிக்கு சார்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். அதையும் கேட்டேன், அக்கா.

ஊசியை வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தா? தலைவர் எழுதினது பேப்பர்ல இருக்கு. நான் சொல்றது பேச்சு. எதை எடுத்துப்பாங்க?" மறுபடி ஊசியை எடுத்தபடி, "அழறதுன்னா வெளிய போய் அழு தம்பி. கஸ்டமர் வர்ற நேரம்" என்றார்.

பாய் மெஷினை மிதித்தபடியே, "மழை வர்ற மாதிரி இருக்கு, போப்பா" என்றார்.

புகழேந்தி


வேலூர்
26-11-2025

புகழு,

முழங்கால் பரவாயில்லை. கஷாயம் வைத்துக் குடி.

எங்களையும் தீபத்துக்குப் பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. உன் பந்தல் எதிரிலேயே நின்றாலும் உன்னோடு பேச முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும்.

பேப்பரில் நீ எழுதினதைப் பேப்பரில்தான் திருத்தவேண்டும். சார் வாங்காவிட்டால் வாங்குகிற இடம் வேறு இருக்கிறது. அம்மா அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நான் இல்லை.

ஆர்த்தி


திருவண்ணாமலை
30-11-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி

அக்கா,

இருமல் நின்றுவிட்டது. நீ நின்று நின்று காலைக் கெடுத்துக்கொள்ளாதே. பந்தோபஸ்துக்கு வரும்போது முழங்கால் பட்டி போட்டுக்கொள்.

நேற்று மாலை தீபக் குழுவின் கடைசிக் கூட்டம். கைசரை வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஷிப்ட் அட்டவணை படிப்பதற்குப் பதிலாகப் புது அறிக்கையைப் படித்தேன். ஒரு பக்கம்தான். "11.20 மணிக்குக் கயிற்றை அவிழ்த்தவன் புகழேந்தி. தடுத்தவர் கைசர் ஜஹான். கண்ணாயிரத்தை வெறுங்காலோடு அனுப்பியவன் புகழேந்தி. 1,309 என்ற எண் பொய்." படிக்கும்போது மூர்த்தி சார் இரண்டு முறை இருமினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன்.

முதலில் எங்கள் வகுப்பு சாகில்தான் பேசினான். "தலைவரே, அடுத்த ஆப் எப்போ?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணைத் தலைவி அன்புச்செல்வி எழுந்து, "மூணு மாசமா ஆன்ட்டிகிட்ட நாங்க யாருமே பேசல. கேன்டீன்ல தனியா உக்காந்து சாப்பிட்டாங்க. அதுக்கு யாரு சார் ரிப்போர்ட் எழுதறது?" என்று கேட்டாள். சாரைப் பார்த்துதான் கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தார்.

அறுபத்திரண்டு பேர் முன்னால் படித்ததை மடித்து டிராயரில் போட முடியாது. என்னை நீக்கி அன்புச்செல்வியைத் தலைவி ஆக்கினார். விருதுக்குப் போன என் பெயரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். கைசருக்கு 46 மணி நேரமும் திரும்பக் கிடைக்கும், ஆனால் திருத்திய அறிக்கையை வேங்கிக்கால் ஆபீஸ் பெற்றுக்கொண்ட பிறகுதான், கொண்டுபோய்க் கொடுப்பது என் பாடு என்றார். இன்னும் 74 மணி நேரம் வேண்டும். அன்புச்செல்வி அங்கேயே தீபத்து நாள்களுக்கு முப்பத்தாறு மணி நேரம் டூட்டி போட்டாள். "இன்னும் ஒரு ஷிப்ட் இருந்தாலும் போடும்மா" என்றார் கைசர். போகும்போது என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். போனார். பார்க்கவில்லை.

மனசு லேசாகும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆகவில்லை. கேன்டீன் விஷயம் எனக்கு முன்பே தெரியும். தினமும் பார்த்தேன்.

பெரியவரை இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நான் செய்யப்போவது:

1. இன்று மாலை கீழ்பென்னாத்தூர் போய் அப்பா அம்மாவிடம் நானே சொல்வேன். அடுத்த ஞாயிறு அம்மா உன்னிடம் இதைத்தான் பேசுவார்கள். என் பக்கம் பேசாதே.

2. நாளை திங்கள் காலை 10 மணிக்கு வேங்கிக்கால். திருத்திய அறிக்கையைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்ப மாட்டேன்.

3. அந்த முத்திரைத் தாளையும் பதிவேட்டையும் அன்புச்செல்வியிடம் ஒப்படைப்பேன். என் பெயருக்கு நேரே ஆகஸ்ட் 8-க்கு நான் எழுதிக்கொண்ட பன்னிரண்டு மணி நேரத்தை அவள் முன்னால் அடிப்பேன்.

4. தீபத்தன்று எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்பேன். யோசனை சொல்ல மாட்டேன்.

5. தீபம் முடிந்த மறுநாள் அவலூர்பேட்டை பஸ் ஏறிக் கண்ணாயிரம் ஐயா வீட்டுக்குப் போவேன். நீங்கள் கேட்ட பையன் நான்தான் என்பேன். போடா என்றால் போய்விடுவேன். அவர் உட்காரச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது. சொன்னால் உட்காருவேன்.

புகழேந்தி